மொய் நோட்டுக்கு முன்னால் ஒரு தேவை நோட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி முடியப்போகிறது. ஆவணி முகூர்த்தங்களுக்கான பத்திரிகைகள் வீடு வீடாக வந்துகொண்டிருக்கின்றன. மதுரை விளக்குத்தூணைச் சுற்றியுள்ள கடைகளிலும் மாசி வீதி ஜவுளிக்கடைகளிலும் "கல்யாணத்துக்குக் குடுக்குற மாதிரி ஏதாச்சும் காட்டுங்க" என்ற பேச்சு இனி நாள் முழுக்கக் கேட்கும். யாருக்கு, எந்த வீட்டுக்கு, எதற்காக என்பது எதுவும் அந்தப் பேச்சில் இல்லை. வெறுங்கையோடு போகக் கூடாது என்ற கடமை மட்டும் இருக்கிறது. அதனால்தான் நம் ஊரில் புதுமணத் தம்பதிகள் பலர் வீட்டுப் பரணில் பிரிக்காத டின்னர் செட்டும், நாலைந்து சுவர்க் கடிகாரமும், ஒரே மாதிரி ஹாட்பாக்ஸ்களும் அடுக்கியிருக்கின்றன. கொடுத்தவர்களில் பலர் சீட்டு எடுத்தும் கைமாற்று வாங்கியும் கொடுத்திருப்பார்கள். அந்தப் பணமும் பாசமும் தூசி படிந்து கிடப்பதைப் பார்க்க மனம் கேட்கவில்லை. உளவியல் பாடம் நடத்தும் ஆசிரியை என்ற முறையில், அன்பளிப்பு பற்றி ஆய்வாளர்கள் கண்டறிந்தவற்றை நம் ஊர் வழக்கத்தோடு பொருத்தி, வாசகர்களுக்குப் பயன்படும் சில விஷயங்களை எழுதுகிறேன்.

அன்பளிப்பு ஏன் தவறிப்போகிறது என்பதற்கு ஜெஃப் கலாக், ஜூலியன் கிவி, எலனார் வில்லியம்ஸ் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2016-இல் தெளிவான விளக்கம் சொன்னார்கள். கொடுப்பவர் மனதில் நிற்பது கைமாறும் அந்த ஒரு நொடி. பிரித்ததும் முகம் மலர வேண்டும், பக்கத்தில் நிற்பவர்கள் "அடேயப்பா" என்று சொல்ல வேண்டும். வாங்குபவர் மனதில் இருப்பதோ அதற்குப் பிறகு அந்தப் பொருளோடு கழியப்போகும் வருடங்கள். எங்கே வைப்பது, யார் துடைப்பது, தினமும் உதவுமா என்பதுதான் அவர் கணக்கு. இரண்டு பேரும் நல்ல மனதோடுதான் இருக்கிறார்கள். பார்க்கிற நேரம் வேறு வேறு. பெரிய பெட்டி, பளபளப்பு, திடீர் ஆச்சரியம் எல்லாம் மேடையில் எடுபடும். மறுநாள் காலை அடுப்படியில் எடுபடாது.

இதில் மதுரைப் பக்கத்துக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. நம் விசேஷங்களில் மைக் இருக்கிறது. உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் பக்கம் காதணி விழா என்றால் யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று மைக்கில் வாசிக்கப்படுவதும், தாய்மாமன் சீர்த்தட்டு மேளதாளத்தோடு தெருவைச் சுற்றி வருவதும் சர்வ சாதாரணம். மைக் பேச ஆரம்பித்ததும் கொடுப்பவரின் கவனம் வாங்குபவரை விட்டு விலகி, பந்தலில் உட்கார்ந்திருப்பவர்கள் பக்கம் போய்விடுகிறது. தங்கச்சிக்கு எது உதவும் என்ற கேள்வி போய், தட்டு எத்தனை என்ற கேள்வி வந்துவிடுகிறது. இது அண்ணன்மாரின் குறை என்று நான் சொல்லவில்லை. எல்லோர் முன்னிலையிலும் கொடுக்கச் சொன்னால் எந்த மனிதனும் எல்லோருக்காகவும்தான் தேர்ந்தெடுப்பான்.

விலை விஷயத்திலும் நாம் பெரிதும் தவறாகக் கணிக்கிறோம். ஃபிரான்சிஸ் ஃப்ளின், கேப்ரியேல் ஆடம்ஸ் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், விலை கூடினால் நன்றியும் கூடும் என்று கொடுத்தவர்கள் நம்பினார்கள். வாங்கியவர்களின் நன்றிக்கும் விலைக்கும் அப்படி எந்தத் தொடர்பும் தென்படவில்லை. 1993-இல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளாதார அறிஞர் வேறு வழியில் கணக்குப் போட்டார். மாணவர்களிடம் அவர்களுக்கு வந்த கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி, பாச மதிப்பை ஒதுக்கிவிட்டு, இந்தப் பொருளுக்கு நீங்களாக இருந்தால் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டார். கொடுத்தவர் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அந்த மதிப்பில் காணாமல் போயிருந்தது. பாசத்தை அவர் கணக்கில் சேர்க்கவில்லை என்பதால் அன்பளிப்பே வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தேவை தெரியாமல் வாங்கினால் இவ்வளவு பணம் யாருக்கும் பயன்படாமல் போகிறது என்பதுதான் இதில் கிடைக்கும் செய்தி.

தேவையைத் தெரிந்துகொள்ள ஒரே வழி கேட்பதுதான். ஆனால் கேட்பது நம்மிடையே கூச்சமான காரியம். "என்ன வேணும்?" என்று நேராகக் கேட்டால் "அதெல்லாம் எதுக்குங்க, நீங்க வந்தாலே போதும்" என்ற பதில்தான் வரும். அந்தப் பதில் மரியாதைக்குச் சொல்வது, தேவையே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. ஆகவே கேட்கும் முறையை மாற்ற வேண்டும். பத்திரிகை வைக்க வீட்டுக்கு வருகிறார்களே, அதுதான் சரியான நேரம். முகூர்த்தத்துக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும், கடைக்குப் போக அவகாசமும் கிடைக்கும். அப்போது பொதுவாகக் கேட்காமல், இரண்டு பொருளைச் சொல்லிக் கேளுங்கள். "அத்தாச்சி, பாப்பாவுக்குக் குக்கர் எடுக்கவா, மிக்ஸி எடுக்கவா? யாரும் ஏற்கெனவே சொல்லிட்டாங்களா?" என்று கேட்டால் மறுக்க வழியில்லை. ஏதாவது ஒன்றுக்கு அவர்களால் பதில் சொல்ல முடியும். இரண்டு பொருளின் விலையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கட்டும். ஒன்று எழுநூறு, இன்னொன்று நாலாயிரம் என்றால் எல்லோரும் எழுநூறைத்தான் காட்டுவார்கள். மணப்பெண்ணின் அம்மாவிடம் கேட்பதைவிடச் சித்தியிடமோ, அக்காவிடமோ, கூடப் படித்த தோழியிடமோ கேட்டால் உண்மை எளிதாக வரும்.

நெருங்கிய சொந்தங்கள்தான் இதில் கவனமாக இருக்க வேண்டும். மார்கன் வார்ட், சூசன் ப்ரோனியார்சிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2016-இல் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். மணமக்கள் தேவைப் பட்டியல் கொடுத்திருந்தாலும், தூரத்துப் பழக்கக்காரர்கள் அதைப் பார்த்து வாங்குகிறார்கள். நெருங்கிய நண்பர்கள்தான் பட்டியலை விட்டு விலகித் தங்கள் இஷ்டப்படி வாங்குகிறார்கள். தங்கள் நெருக்கத்தைப் பொருளிலேயே காட்டிவிட வேண்டும் என்ற ஆசைதான் காரணம். கடைசியில், மணமக்களுக்கு அந்தப் பொருள் பட்டியலில் இருந்ததைவிடக் குறைவாகவே பிடிக்கிறது. தாய்மாமனும் அத்தையும் பெரியப்பாவும் செய்வது இதைத்தான். அதிகம் செலவு செய்பவர்களும் அவர்கள்தான் என்பதால் இழப்பும் பெரியது.

இதற்கு ஒரு யோசனை சொல்கிறேன். நம் எல்லோர் வீட்டிலும் மொய் நோட்டு இருக்கிறது. விசேஷம் முடிந்த பிறகு யார் என்ன செய்தார்கள் என்பதை அது சொல்லும். அதே போல விசேஷத்துக்கு முன்னால் ஒரு தேவை நோட்டு போட வேண்டும். நாற்பது பக்க நோட்டு போதும். இடது பக்கம் பொருள், அளவு, உத்தேச விலை. வலது பக்கம் எடுத்துக்கொண்டவர் பெயர். பதினைந்து முதல் இருபது பொருளுக்கு மேல் எழுதக் கூடாது. குறைந்த விலையில் முடியும் சாமான்களும் நிறைய இருக்க வேண்டும். எண்ணெய்த் தூக்கு, அஞ்சறைப் பெட்டி, இட்லித்தட்டு, மளிகை டப்பா, அரிவாள்மனை, முறம் இவையெல்லாம் தனிக்குடித்தனம் போகிறவர்களுக்கு முதல் வாரமே தேவைப்படுபவை. விலை குறைவு என்று எவரும் கொடுக்கக் கூச்சப்படுவதால் கடைசியில் மாப்பிள்ளையே வாங்கி வருவார். நோட்டு மணமக்கள் கையில் இருக்கக் கூடாது. கேட்கச் சங்கடம், சொல்லவும் சங்கடம். கணக்குத் தெரிந்த, வாய் சுத்தமான ஒரு சித்தியோ மதினியோ வைத்துக்கொள்ளட்டும். யார் எதை எடுத்தார்கள் என்பதை அவர் இன்னொருவரிடம் சொல்லவே கூடாது. "அது ஆச்சுங்க, இதுல பாருங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்த ஒரு ஒழுங்கு தவறினால் "அவ குடுத்தது அவ்வளவுதானா" என்ற பேச்சு கிளம்பி நோட்டையே மூடும்படி ஆகிவிடும். பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் இதே காரணத்தால் நல்லதல்ல.

நோட்டில் பொருளின் பெயரை மட்டும் எழுதினால் போதாது, அளவும் வேண்டும். குக்கர் என்றால் இரண்டு பேர் குடித்தனத்துக்கு 3 லிட்டர். கூட்டுக் குடும்பமாக இருக்கப் போகிறார்கள் என்றால் 5 லிட்டர். இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்குச் சாதாரண அலுமினியக் குக்கர் சூடே ஏறாது, அதற்கேற்ற அடிப்பாகம் உள்ளதாகப் பார்க்க வேண்டும். மிக்ஸியில் சட்னி மட்டும் அரைப்பவர்களுக்கு 500 வாட்ஸ் போதும், மாவும் மசாலாவும் அரைக்க வேண்டுமென்றால் 750 வாட்ஸ். படுக்கை விரிப்புதான் அதிகம் வீணாகும் அன்பளிப்பு. அஞ்சடி அகலக் கட்டிலுக்கு 90-க்கு 100 அங்குல விரிப்பு சரியாக இருக்கும். ஆறடி அகலக் கட்டிலில் மெத்தை கொஞ்சம் தடிமனாக இருந்தாலும் அது ஓரம் செருகப் பத்தாது, 108-க்கு 108 வேண்டும். கட்டில் அளவு தெரியாமல் விரிப்பு எடுக்கவே கூடாது என்பேன். மதுரை வெயிலுக்கு வெல்வெட், பாலியஸ்டர் விரிப்புகளும் உதவாது. பருத்தியே நல்லது.

மின்சாதனம் கொடுப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வாரண்டி பில் தேதியிலிருந்து ஓடும். மறுவீடு, விருந்து, ஊர் மாற்றம் எல்லாம் முடிந்து பெட்டியைப் பிரிக்க மூன்று நாலு மாதம் ஆகும். அதற்குள் கடைக்காரர் மாற்றித்தரும் நாட்கள் தாண்டிவிடும், வாரண்டியிலும் ஒரு பகுதி போய்விடும். பில் கொடுப்பவர் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட்டால் சர்வீஸ் சென்டரில் பேச்சே எடுபடாது. விலை தெரிந்துவிடுமே என்று பில்லை மறைப்பது பெரிய தவறு. பில்லையும், கடை முத்திரை வைத்த வாரண்டி அட்டையையும் ஒரு கவரில் போட்டு நோட்டு வைத்திருப்பவரிடம் முன்பே கொடுத்துவிடுங்கள். முடிந்தால் பொருளையும் முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் வீட்டிலேயே கொடுத்துவிட்டு, மண்டபத்துக்கு ஒரு கவரோடு போகலாம். மண்டபத்தில் குவியும் பெட்டிகளில் ஒட்டிய பெயர்ச் சீட்டுகள் பாதி உதிர்ந்துவிடும். பெட்டியைத் திறந்து மூடியின் உள்பக்கம் பேனாவால் பெயர், ஊர், உறவு மூன்றையும் எழுதினால் யார் கொடுத்தது என்ற குழப்பமே வராது.

பாத்திரத்தில் பேர் வெட்டும் வழக்கத்தையும் சொல்ல வேண்டும். வாங்கிய கையோடு கடையிலேயே புள்ளி புள்ளியாக இனிஷியலும் தேதியும் வெட்டித் தந்துவிடுவார்கள். நாற்பது வருடம் கழித்துப் பேத்தி அந்தக் குடத்தைத் திருப்பிப் பார்த்து யார் கொடுத்தது என்று படிக்கிறாள் என்றால் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் பேர் வெட்டிவிட்டால் மாற்ற முடியாது. மூன்றாவது எவர்சில்வர் குடம் வந்துவிட்டால் அதைப் பழைய பாத்திரமாகத்தான் போட வேண்டும். ஆகவே தேவை என்று உறுதியாகத் தெரிந்த பொருளில் மட்டும் வெட்டுங்கள். பித்தளையும் வெண்கலமும் பிற்காலத்திலும் எடைக்கு மதிப்புள்ளவை என்பதால் அவற்றில் வெட்டுவது பொருத்தம். பணிநிறைவு விழாக்களில் கொடுக்கும் கண்ணாடிக் கேடயங்களில் பெயரும் போட்டோவும் பெரிதாகப் பொறிக்கிறார்கள். ஓய்வு பெற்றவர் அதை வைக்கவும் இடமில்லாமல், யாருக்கும் கொடுக்கவும் முடியாமல் திண்டாடுகிறார். மதுரைச் சூட்டில் அவருக்குப் போர்த்தும் பொன்னாடைகளும் அப்படித்தான். அந்தச் செலவில் நல்ல பருத்தி வேட்டியும் துண்டும் எடுத்தால் அவர் தினமும் உடுத்துவார்.

தாய்மாமன் சீருக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் குடும்பங்களைக் கடனில் தள்ளுவது இதுதான். 51 தட்டு, 101 தட்டு என்று எண்ணிக்கை வைத்ததும் தட்டை நிரப்புவதற்கென்றே பொருள் வாங்க வேண்டியதாகிறது. ஆப்பிள், அன்னாசி, பிஸ்கட், சாக்லேட், பொம்மை என்று அடுக்குகிறார்கள். பழம் சில நாளில் அழுக ஆரம்பிக்கும். மிச்சத்தை அக்கம்பக்கத்துக்குப் பங்கிடும் வேலை தங்கச்சி தலையில் விழும். அண்ணன் பணம் நிஜமாகவே அவள் பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால், ஒரு மாதம் முன்பே அண்ணனும் தங்கச்சியும் மட்டும் உட்கார்ந்து பேச வேண்டும். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களையும், மைக் பிடிப்பவர்களையும் அந்தப் பேச்சுக்குக் கூப்பிடக் கூடாது. தோடு, பட்டு, மாலை, தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு என்று மங்கலத்துக்கு 11 தட்டு போதும், தெருவில் மேளத்தோடு அழகாகவே வரும். பெண் குழந்தைக்கு 10 வயது முடியவில்லை என்றால் அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கைப் பெற்றோர் தொடங்கலாம். வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் போட்டால் போதும், உச்சவரம்பு ஒன்றரை லட்சம். தட்டில் மிச்சமான பணத்தை அதில் போட்டு, பாஸ்புக்கையே ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவரலாம். ஆண் பிள்ளைக்கு அஞ்சலகத் தொடர் வைப்பு இருக்கிறது. மைக்கில் படிக்கவும் பாஸ்புக் கௌரவமாகத்தான் இருக்கும். அண்ணனின் கௌரவத்துக்கும் பிள்ளையின் எதிர்காலத்துக்கும் ஒரே தட்டில் இடம் கொடுக்கும் வழி இது என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

தங்கம் வாங்கும்போது இன்னொன்று. ஒரு கிராம் மோதிரத்தில் செய்கூலியும் சேதாரமும் விலையில் பெரிய பங்கைத் தின்றுவிடும், குழந்தை விரல் ஒரு வருடத்தில் அதை மீறி வளர்ந்துவிடும். சேமிப்பாக வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு அதே எடையில் நாணயம் கொடுப்பது மேல், செய்கூலி மிகக் குறைவு. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியும் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் இரண்டு கிராமுக்குக் குறைந்த பொருளுக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. ஆகவே சின்ன மோதிரத்துக்குப் பில்தான் சாட்சி, அதைச் சேர்த்தே கொடுங்கள்.

பூப்புனித நீராட்டு விழாவில் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குப் பத்துப் பட்டுப்புடவை வருகிறது. அவள் புடவை கட்டப் பல வருடம் ஆகும். தைத்த ரவிக்கை அடுத்த வருடமே பற்றாது. அவளைக் கடைக்குக் கூட்டிப் போய் அவள் கையால் இரண்டு சுடிதார் எடுக்கச் சொன்னால் அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பிறந்த குழந்தைக்கும் இதே கணக்குதான். பிறந்த அளவுச் சட்டைகள் இரண்டு மாதத்தில் சிறிதாகிவிடும். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கான அளவை எடுத்து, அந்த வயது எந்த மாதத்தில் வரும் என்று பாருங்கள். சித்திரை, வைகாசியில் ஆறு மாதம் ஆகப்போகும் குழந்தைக்குக் கம்பளிக் குல்லாய் எதற்கு?

புதுமனை புகும் வீடுகளில் பெரும்பாலும் கையிருப்பு வற்றிப்போயிருக்கும். குத்துவிளக்கு எல்லோரும் கொண்டுவருவார்கள். அங்கே நாலு நண்பர்கள் சேர்ந்து ஆளுக்கு மூவாயிரம் போட்டால், இன்வெர்ட்டருக்கோ ஃபிரிட்ஜுக்கோ அது பெரிய பகுதியாகிவிடும். முழுப் பொருளும் வாங்கித்தர முடியவில்லையே என்று தயங்க வேண்டாம். டேனியலா குபோர், ஃப்ளின், மைக்கேல் நார்ட்டன் மூவரும் 2017-இல் செய்த ஆய்வில், விரும்பிய விலை உயர்ந்த பொருளுக்கு ஒரு பங்கு கொடுப்பதை அரைமனதுக் காரியமாகக் கொடுப்பவர்கள் நினைத்தார்கள், வாங்குபவர்கள் அப்படி நினைக்கவில்லை.

தாம்பூலப் பை விஷயத்தில் மணவீட்டார் தாங்களே தவறு செய்கிறார்கள். நல்ல தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு பித்தளைக் குங்குமச் சிமிழ் இருந்தால் பை நிறைவாக இருக்கும். அதோடு மணமக்கள் படம் போட்ட பிளாஸ்டிக் டப்பாவையும் போட்டதும் மொத்த மதிப்பும் இறங்கிவிடுகிறது. நல்ல பொருளோடு மலிவானதைச் சேர்த்தால் மதிப்பு கூடும் என்று கொடுப்பவர் நினைக்கிறார், வாங்குபவர் மனமோ இரண்டுக்கும் நடுவில் ஒரு சராசரியைப் போடுகிறது. கிம்பர்லி வீவர், ஸ்டீபன் கார்சியா, நார்பர்ட் ஷ்வார்ஸ் 2012-இல் காட்டியது இது. மரக்கன்று கொடுப்பதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனாலும் எல்லோர் கையிலும் திணிக்கக் கூடாது. மாட்டுத்தாவணியில் பஸ் மாறி ஊருக்குப் போகும் அம்மாவுக்கும், மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கும் அது பாரம். பந்தி முடிந்து வெளியே வரும் வழியில் ஒரு மேஜை போட்டு, வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்தால் நட்டு வளர்க்கக் கூடியவர்கள் மட்டும் எடுப்பார்கள்.

பெரியாஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகும்போது ஹார்லிக்ஸும் ஆப்பிளும் இளநீரும் கைக்கு வருவது பழக்கமாகிவிட்டது. சர்க்கரை நோயாளிக்குச் சாதாரண ஹார்லிக்ஸ் ஆகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இளநீர் ஆபத்தாகவே முடியலாம், அதில் பொட்டாசியம் அதிகம். அங்கே உண்மையில் திண்டாடுபவர் கூடத் தங்கியிருப்பவர். அவருக்கு ஒரு கோரைப்பாய், பிளாஸ்க், நீளமான ஒயர் உள்ள செல்போன் சார்ஜர், மூடி போட்ட டிபன் பாக்ஸில் இரவுச் சாப்பாடு, கைச்செலவுக்குச் சில்லறையாக ஐந்நூறு ரூபாய். நோயாளிக்கு எதையாவது கொடுக்கும் முன் படுக்கையருகே உள்ள நர்ஸைக் கேட்டுவிடுங்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு மதுரையிலிருந்து எதைக் கொண்டுபோவது என்று பலர் யோசிக்கிறார்கள். கொடுப்பவர் யார் என்பதைக் காட்டும் பொருள் உறவை இறுக்கும் என்று லாரா அக்னினும் லாரன் ஹியூமனும் 2015-இல் கண்டார்கள். கடையில் யாரும் வாங்கக்கூடிய பெட்டியைவிட ஒரு சுங்குடிச் சேலை நின்று பேசும். கையால் முடிச்சுப் போட்டு எடுத்த சுங்குடியில் புள்ளிகள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், முடிச்சு இருந்த இடத்தில் துணி லேசாகக் குவிந்திருக்கும். எல்லாப் புள்ளியும் அச்சுப் போல ஒன்றாக இருந்தால் அது பிரிண்ட். முதல் இரண்டு மூன்று முறை தனியாக, பச்சைத் தண்ணீரில் ஒரு கைப்பிடி கல்லுப்புப் போட்டு அலசி நிழலில் காயப்போட வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதிச் சேலைக்குள் வையுங்கள். அதை எழுதாவிட்டால் மற்றத் துணியெல்லாம் சாயமேறிச் சங்கடமாகிவிடும். மல்லிகை கொண்டுபோவதாக இருந்தால் அன்றைய மொட்டாகவே கட்டச் சொல்லுங்கள். மாலையில் மலர ஆரம்பித்துவிடும் பூ, இரவுப் பயணத்தில் பிளாஸ்டிக் பைக்குள் வியர்த்துக் கறுத்துப்போகும். வாழை இலையில் தளரச் சுற்றி, அழுத்தாமல் மேலாக வையுங்கள்.

ஒரே வீட்டில் பலருக்கு எடுக்கும்போது ஒவ்வொருவருக்கும் வேறு வேறாகத்தான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். மேரி ஸ்டெஃபல், ராபின் லெபோஃப் 2014-இல் செய்த ஆய்வில், வித்தியாசம் காட்டுவதற்காகவே நல்ல பொருளை விட்டுவிட்டு இரண்டாந்தரத்தை வாங்கியவர்களைக் காட்டினார்கள். நாத்தனார் இருவருக்கும் ஒரே ரகம், ஒரே விலை, வேறு நிறம் என்று நம் அம்மாக்கள் எடுப்பது நல்ல முறை.

வந்த அன்பளிப்பை வேறொருவருக்குக் கொடுப்பதை இன்னும் பலர் பாவமாகவே நினைக்கிறார்கள். கொடுத்தவருக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாரே என்ற பயம் அளவுக்கு மீறியது, கொடுத்தவர்கள் அந்த அளவு வருத்தப்படுவதில்லை என்று ஆடம்ஸ், ஃப்ளின், நார்ட்டன் 2012-இல் கண்டார்கள். பிரிக்காத பொருளைத் தேவைப்படும் வீட்டுக்குத் தாராளமாகக் கொடுங்கள். பெட்டிக்குள் பழைய பெயர்ச் சீட்டு இருக்கிறதா, மூடியில் எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதே சொந்த வட்டத்துக்குள் சுற்றாமல் வேறு வட்டத்துக்குக் கொடுக்க வேண்டும்.

மொய்யை இதோடு குழப்பக் கூடாது. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-இல் கொடுப்பது, ஏற்பது, திருப்பிச் செய்வது என மூன்று கடமைகளைப் பற்றி எழுதினார். அந்த மூன்றாவது கடமை மொய்யில் எழுத்திலேயே இருக்கிறது. பழைய மொய் என்றால் நம் நோட்டைப் பார்த்து, அவர்கள் போட்டதற்குக் குறையாமல், வருடத்துக்கேற்பக் கொஞ்சம் கூட்டிப் போடுவதுதான் நியாயம். புது மொய்யை உங்கள் வசதிக்குப் பெரிதாகப் போட்டால், வாங்கியவருக்கு அது திருப்பிச் செய்ய வேண்டிய சுமையாகிறது. கஷ்டப்படும் வீட்டுக்குப் பெரிய தொகை கொடுக்க நினைத்தால் நோட்டில் ஏற்றாமல், விசேஷம் முடிந்து ஒரு நாள் தனியாகக் கையில் கொடுங்கள். கவரில் இனிஷியல், ஊர், தெரு எழுதாவிட்டால் ஒரே ஊரில் மூன்று பேருக்கு ஒரே பெயர் இருக்கும்போது கணக்கு மாறிவிடும். இப்போது மொய் மேஜையில் கியூஆர் அட்டை வைக்கிறார்கள். செல்போனில் மனைவி பெயரோ மகன் பெயரோ வரும், எழுதுபவரிடம் வீட்டுப் பெயரைச் சொல்லி எழுதவைத்துவிட்டே பந்திக்குப் போங்கள்.

பத்திரிகை அச்சிடும் அச்சகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். "அன்பளிப்பைத் தவிர்க்கவும்" என்ற வரியைப் போலவே, தேவை நோட்டு வைத்திருப்பவரின் பெயரையும் செல்போன் எண்ணையும் ஒரு வரியில் பத்திரிகையின் கீழே அச்சிடலாம். இடமும் செலவும் பெரிதில்லை, கேட்கும் கூச்சம் பாதி குறையும். தவிர்க்கவும் என்று அச்சிட்டிருப்பவர்கள் வீட்டுக்கு உண்மையாகவே எதுவும் கொண்டுபோகாதீர்கள். மனம் பொறுக்காதவர்கள் மறுவீடெல்லாம் முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் இரண்டு முழம் பூவும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

இப்படிக்கு,
உளவியல் ஆசிரியை,
மதுரை.